பெயர் மறந்த கார்ட்டூனைத் தேடுவோர் முதலில் எழுதி அனுப்ப வேண்டியவை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். "சின்ன வயதில் டி.வி.யில் பார்த்த கார்ட்டூன். ஒரு பையன் தன் அம்மாவைத் தேடிப் போவான். கூடவே ஏதோ ஒரு பிராணி. பெயர் மறந்துவிட்டது, யாருக்காவது தெரியுமா?" என்று மொரீசியஸ் வாசகர் ஒருவர் கேட்டிருந்ததைத் தங்கள் வாசகர் பக்கத்தில் பார்த்தோம். பின்னால் வந்த பதில்கள் நான்கு, நான்கிலும் வெவ்வேறு பெயர். ஒருவர்கூட அந்த வாசகரிடம் எதையும் திருப்பிக் கேட்கவில்லை. அவரும் கடைசியாக வந்த பெயரை ஏற்றுக்கொண்டு நன்றி எழுதிவிட்டார். அவர் பார்த்தது அதுதானா என்பது இன்னும் தெரியாது.

பதில் எழுதியவர்களைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. கேட்கும் முறையில்தான் கோளாறு. கதையைச் சொல்லிப் பெயர் கேட்கிறோம். 1970களிலும் 80களிலும் ஜப்பானில் வரையப்பட்டு, பிரெஞ்சுக் குரலோடு உலகம் சுற்றிய தொடர்களில் அம்மாவைத் தேடும் குழந்தைகள் மட்டுமே நாலு பேர் தேறுவார்கள். அநாதைக் குழந்தைகளை எண்ணத் தொடங்கினால் கை விரல் போதாது.

அந்த வாசகர் இதைப் படித்துக்கொண்டிருந்தால் ஒரு வேண்டுகோள். இங்கேயே நிறுத்துங்கள். அந்தப் பையனோடு போன பிராணி எது, எத்தனை, பெரிதா சிறிதா, என்ன நிறம், எந்நேரமும் எங்கே இருக்கும் என்பதில் நினைவில் உள்ளதை மட்டும் ஒரு தாளில் எழுதி மடித்து வைத்துவிட்டு அடுத்த பத்திக்கு வாருங்கள். படித்த பிறகு எழுதினால் அந்த எழுத்துக்குச் சாட்சி மதிப்பு கிடையாது. ஏன் என்பதைக் கீழே சொல்கிறோம்.

பையனின் தோளில் ஒரு சின்ன வெள்ளைக் குரங்கு என்றால் அது மார்க்கோ. இத்தாலியின் ஜெனோவாவிலிருந்து அர்ஜென்டினாவுக்கு வேலைக்குப் போன தாயைத் தேடிக் கப்பலேறுகிறவன். 1976-இல் வந்தது, 52 பாகம். குரங்கோடு நாய்களும் இருந்து, பையன் கையில் யாழ் போன்ற ஹார்ப் வாத்தியம் இருந்து, தெருவில் வித்தை காட்டும் பெரியவர் ஒருவரும் கூட வந்தால் அது ரெமி. எக்டோர் மாலோவின் பிரெஞ்சு நாவலிலிருந்து எடுத்தது. 1977, 51 பாகம். கரடியளவு வெள்ளை நாயும் பிரனீஸ் மலையும் வந்தால் பெல்லும் செபாஸ்தியனும். 1981, 52 பாகம். தேடுவது மனிதக் குழந்தையே அல்ல, ஒரு தேனீக் குஞ்சு என்றால் அது ஹட்ச். 1970-இல் தொடங்கியது, 91 பாகம். ஹட்சை மாயா என்ற தேனீயோடு குழப்புகிறவர்கள் அதிகம். மாயா யாரையும் தேடுவதில்லை. உலகத்தைப் பார்க்க ஆசைப்பட்டுக் கூட்டைவிட்டுக் கிளம்பியவள் அவள், 1975-இல் வந்தவள். பெண் குழந்தையும் கழுதையும் என்றால் மாலோவின் இன்னொரு நாவலிலிருந்து வந்த பெரீன். அவள் போவது தாத்தாவிடம்.

கதை ஒரே வாய்பாடாக இருக்கும்போதும் பிராணி மாறிவிடுகிறது. அதனால்தான் முதல் கேள்வி அதைப் பற்றி இருக்க வேண்டும். அதையும் "குரங்கு இருந்ததா?" என்று கேட்கக் கூடாது, "கூட யார் யார் போனார்கள்?" என்றுதான் கேட்க வேண்டும். 1974-இல் எலிசபெத் லாஃப்டஸ் என்ற உளவியலாளர் தம் சக ஆய்வாளரோடு சேர்ந்து ஒரு சோதனை செய்தார். கார் விபத்துப் படத்தைக் காட்டிவிட்டு, சிலரிடம் கார்கள் "மோதியபோது" என்ன வேகம் என்றும், வேறு சிலரிடம் "நொறுங்க மோதியபோது" என்ன வேகம் என்றும் கேட்டார்கள். இரண்டாம் கூட்டம் கூடுதல் வேகம் சொன்னது. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, படத்தில் இல்லாத உடைந்த கண்ணாடியைப் பார்த்ததாகச் சொன்னவர்களும் அந்தக் கூட்டத்தில்தான் அதிகம். கண்ணெதிரே பார்த்த படத்துக்கே ஒரு வாரத்தில் இந்த நிலை. 40 ஆண்டுக்கு முன் பார்த்த கார்ட்டூனைப் பற்றிக் கேட்கும்போது படத்தை முதலில் காட்டிவிட்டு "இதுவா?" என்று கேட்பது எவ்வளவு கெடுதல் செய்யும் என்று யோசியுங்கள். அக்கா, அண்ணன், தாந்தீன் (அத்தை, சித்தி) என்று வீட்டில் பலரும் பார்த்திருந்தால் ஒவ்வொருவரையும் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்து பேசினால் குரல் பெரியவரின் நினைவே எல்லோருக்கும் நினைவாகிவிடும்.

கொம்பு வைத்த ரோபோ என்று யாராவது எழுதினால் போதும், "கோல்டோராக்" என்று பதில் பறந்து வருகிறது. பாதி நேரம் அது சரிதான். பாரிஸில் ஆந்தென் 2 அலைவரிசை 1978 ஜூலை 3 அன்று அதைத் தொடங்கியதிலிருந்து பிரெஞ்சு பேசும் இடங்களில் அதற்கு ஈடான ரோபோ கிடையாது. ஆனால் முன்கையைக் கழற்றி ராக்கெட் மாதிரி எறிவது கோல்டோராக்குக்கு முன்பே, 1972-இல் வந்த மாசிங்கரிலும் உண்டு. இரண்டும் கோ நாகாய் என்ற ஒரே படைப்பாளியின் பிள்ளைகள். பிரித்துப் பார்க்க ஓட்டுநர் எப்படி உள்ளே போகிறார் என்று கேளுங்கள். பெரிய பறக்கும் தட்டுக்குள் ரோபோவே படுத்திருந்து வெளியே வந்தால் கோல்டோராக். சின்ன விமானம் ஒன்று வந்து ரோபோவின் தலை உச்சியில் உட்கார்ந்தால் மாசிங்கர். விண்வெளிக் கடற்கொள்ளையன் ஆல்பட்டோரிலும் இதே சிக்கல்தான், ஏனென்றால் தொடர் இரண்டு. கப்பல் நீலமாக, கூரிய மூக்கோடு இருந்தால் 1978-இல் எடுத்த 42 பாகத் தொடர். கப்பல் பச்சையாக, முன்பக்கம் முழுவதும் மண்டையோடாக இருந்தால் பிந்தையது, 22 பாகம். கப்பலைப் பற்றி ஒரு வரி எழுதினால் விவகாரம் முடிந்துவிடும். தங்க நிறப் பறவை வடிவ விமானம், கழுத்தில் பதக்கம் அணிந்த குழந்தைகள், பாகம் முடிந்ததும் தென்னமெரிக்காவைப் பற்றி உண்மையான படத் துண்டு என்றால் தங்க நகரங்களைப் பற்றிய தொடர்; 39 பாகம். ஆணி, திருகுகளைத் தின்னும் சிவப்புக் குட்டி ரோபோ என்றால் 26 பாகம் கொண்ட யூலிஸ் 31.

அடுத்து இடம். எங்கள் பக்கத்து வாசகர்களுக்கு இது முக்கியம். "மொரீசியஸில் பார்த்தேன்" என்று மட்டும் எழுதினால் பாதித் தகவல்தான். மொரீசியஸில் எம்.பி.சி. தொலைக்காட்சி 1965-இல் தொடங்கியது. ஆனால் இங்கே பல வீடுகளில் ஆன்டெனாவைத் திருப்பி, பக்கத்துப் பிரெஞ்சுத் தீவான ரியூனியனின் ஒளிபரப்பையும் பார்த்து வந்தார்கள். அங்கே தொலைக்காட்சி 1964 டிசம்பரில் வந்தது. அந்த நிலையத்தின் பெயர் 1975 முதல் எஃப்.ஆர்.3, 1983 முதல் ஆர்.எஃப்.ஓ. அதனால் எந்த ஊர் வீடு, ஆன்டெனா எந்தப் பக்கம் பார்த்திருந்தது, படத்தில் புள்ளி புள்ளியாக இரைச்சல் இருந்ததா, நிகழ்ச்சிக்கு இடையில் பேசிய அறிவிப்பாளர் எந்த ஊர்க்காரர் என்பவற்றை எழுதுங்கள். 1986-க்கும் 1991-க்கும் இடையில் ரியூனியனில் பார்த்தவர்கள், அது உரிமம் இல்லாமல் ஓடிய டெலே ஃப்ரீடோமா என்றும் சொல்ல வேண்டும். 1991 பிப்ரவரியில் அதன் கருவிகளை அரசு கைப்பற்றியதும் சோத்ரோன் பகுதியில் கலவரம் வெடித்ததும் பலருக்கு நினைவிருக்கும். அந்த நிலையத்தில் பார்த்த கார்ட்டூனுக்கு பாரிஸ் நிகழ்ச்சி நிரலைப் புரட்டிப் பயனில்லை. டர்பனில் பார்த்ததாக எழுதுகிறவர்களுக்கு வேறொரு சோதனை உண்டு. தென்னாப்பிரிக்காவில் தொலைக்காட்சி முறையாகத் தொடங்கியது 1976 ஜனவரி 5 அன்று. 1972-இல் டர்பன் வீட்டில் பார்த்த கார்ட்டூன் என்றால் அது புரொஜெக்டரில் ஓட்டிய படச்சுருள். தேட வேண்டிய இடமே வேறு. 1986-க்குப் பிறகு அங்கே ஆஃப்ரிக்கான்ஸ் குரல் கொடுத்த தொடர்களுக்கு மூல ஒலியை ரேடியோ 2000-இல் கேட்கும் வசதி இருந்தது. படம் ஒரு மொழியிலும் பாட்டு இன்னொரு மொழியிலும் நினைவிருப்பதாகச் சொல்பவரைப் பொய் சொல்கிறார் என்று தள்ளிவிட வேண்டாம்.

காலத்தைக் கணிக்க வயதைக் கேட்பது பலன் தராது. "ஏழெட்டு வயது இருக்கும்" என்று எல்லோரும் ஒன்றேபோல் சொல்வார்கள். ஊர் நிகழ்ச்சியோடு கட்டிக் கேளுங்கள். 1975 பிப்ரவரியின் ஜெர்வேஸ் புயலுக்கு முன்பா பின்பா? 1979 டிசம்பர் கிளாடெட்? 1985-இல் மொரீசியஸில் நடந்த இந்தியப் பெருங்கடல் தீவுகள் விளையாட்டுப் போட்டி? 1992 மார்ச் 12, குடியரசு நாள்? 1994 பிப்ரவரி, ஹோலாண்டா புயல்? எந்த வீட்டில், எந்த டி.வி. பெட்டியில், அப்போது தம்பி பிறந்திருந்தானா என்று கேட்டால் மூன்றாண்டு இடைவெளிக்குள் கொண்டுவந்துவிடலாம். அப்படி வந்த ஆண்டு பார்த்த ஆண்டுதான்; எடுத்த ஆண்டு அதற்கு முன்னால் எங்கோ இருக்கும். கோல்டோராக் ஜப்பானில் 1975, பிரான்சில் 1978. கப்பித்தேன் ஃப்ளாம் ஜப்பானில் 1978, பிரான்சில் 1981. தீவுகளுக்கு வந்தது அந்தந்த நிலையத்தைப் பொறுத்தது. மறுஒளிபரப்பும் உண்டு. ஆகையால் பார்த்த ஆண்டிலிருந்து பின்னோக்கி 15 ஆண்டு வரை தேட வேண்டும், முன்னோக்கி ஒரு நாள்கூட வேண்டாம். இந்த ஒரு விதியை வைத்தே தவறான பதில்களில் பலவற்றைக் கழித்துவிடலாம். 1983-இல் பார்த்தவருக்கு 1985-இல் எடுத்த குட்டி இளவரசி சாராவைப் பதிலாகச் சொல்லவே முடியாது.

"கறுப்பு வெள்ளைக் கார்ட்டூன்" என்பது பெரும்பாலும் தவறான துப்பு. வீட்டுப் பெட்டி கறுப்பு வெள்ளையாக இருந்திருக்கலாம். வீடியோ நாடாவில் பார்த்தவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. மொரீசியஸும் ரியூனியனும் சேகாம் வண்ண முறையைப் பின்பற்றிய தீவுகள். இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் பேல் முறை. சேகாமில் பதிந்த நாடாவை பேல் மட்டும் அறிந்த பெட்டியில் போட்டால் ஒலி சரியாக வரும், படமும் வரும், வண்ணம் வராது. ஆகவே நிறம் தெரியாது என்றால் "தெரியாது" என்று எழுதுங்கள். "கறுப்பு வெள்ளை" என்று எழுதினால் 1960களின் பட்டியலில் போய்த் தேடி நாள் வீணாகும்.

பெயரின் ஒரு துண்டு காதில் ஒட்டியிருந்தால் அதைவிட நல்ல துப்பு இல்லை. ஆனால் அதைத் தமிழில் எழுதும்போது ஒன்று நடக்கிறது. தமிழில் க, ச, த, ப ஒவ்வொன்றும் பிரெஞ்சின் இரண்டு மூன்று ஒலிகளுக்கு வேலை செய்கிறது. "கொலார்கோல்" என்ற பாடும் கரடியை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் "க" பிரெஞ்சில் "சி" என்னும் எழுத்து, இரண்டாவது "க" அங்கே "ஜி" என்னும் எழுத்து. தமிழிலிருந்து ரோமன் எழுத்துக்குத் திருப்பும்போது இரண்டையும் "கே" என்று தட்டினால் தேடுபொறி கையை விரித்துவிடும். "பூலி" என்ற பனிமனிதனின் முதல் எழுத்து "பி"யாகவும் இருக்கலாம், மென்மையான "பி"யாகவும் இருக்கலாம், தமிழ் காட்டிக்கொடுக்காது. இரண்டையும் மாற்றி மாற்றித் தேட வேண்டும், மென்மையானதுதான் சரி. இதற்கு மேல் பிரெஞ்சின் எழுத்துக் கூட்டல் வேறு. "ரூவா" என்று காதில் விழுந்தது எழுத்தில் ஆர், ஓ, ஐ, பொருள் ராஜா. "ரூவா லேயோ" என்று நினைவில் உள்ள வெள்ளைச் சிங்கக் குட்டி, தெசுகா ஒசாமுவின் 1965-ஆம் ஆண்டுத் தொடர், 52 பாகம். "ஊ" என்று கேட்டால் ஓ-யூ, "ஓ" என்று கேட்டால் ஈ-ஏ-யூ அல்லது ஏ-யூ, கடைசியில் கேட்காத டி, எஸ், ட்டி ஒன்று இருக்கலாம். வீட்டில் பிரெஞ்சு எழுதத் தெரிந்த பிள்ளை இருந்தால் பெயரைச் சொல்லி எழுதச் சொல்லுங்கள். என்ன நிகழ்ச்சி என்று சொல்லாதீர்கள். இன்னொன்று: பாத்திரங்களின் பெயரையும் பிரெஞ்சுக்காரர்கள் மாற்றியிருக்கிறார்கள். கோல்டோராக்கை ஓட்டும் ஆக்டரஸுக்கு ஜப்பானில் வேறு பெயர், ரோபோவுக்கும் வேறு பெயர். தீவுகளில் பார்த்தவர்கள் முதலில் பிரெஞ்சுப் பட்டியலில் தேட வேண்டும். பிளானெட் ஜூனெஸ் என்ற பிரெஞ்சு இணையத் தொகுப்பு இதற்கு உதவும். பாரிஸின் இனா என்ற தொலைக்காட்சி ஆவணக் காப்பகமும் உதவும். அங்கே அகப்பட்ட பிறகு ஜப்பானியப் பெயருக்குப் போகலாம்.

எந்த மொழி என்று நினைவே இல்லை என்பவர்கள் கவலைப்பட வேண்டாம். அந்தப் படத்தில் பேச்சே இல்லாமல் இருந்திருக்கலாம். செக் நாட்டின் குட்டி அகழ்எலி, 1957-இல் வந்த முதல் படத்தில் மட்டும் பேச்சு உண்டு, பிறகு சிரிப்பும் முனகலும்தான். மஞ்சள், சிவப்பு ஸ்வெட்டர் போட்டு வீட்டையே இடித்துத் தள்ளும் இரண்டு பொம்மை மனிதர்கள் பாட், மாட். அவர்களும் செக் நாட்டுக்காரர்கள்தான், 1976-இலிருந்து. ஒரே வெள்ளைக் கோட்டால் ஆன மனிதன் வரைபவர் கையைப் பார்த்துக் கத்தினால் இத்தாலியின் லா லீனியா. சிகரெட் பிடிக்கும் ஓநாயும் முயலும் ரஷ்யாவின் நூ பகதீ, 1969-இலிருந்து. அதை டாம் அண்ட் ஜெர்ரி என்று நினைத்திருப்பவர்கள் உண்டு. டாம் அண்ட் ஜெர்ரியிலேயே "ஏதோ ஒரு மாதிரி விகாரமாக வரைந்தது, ஒலியும் எதிரொலிக்கும்" என்று நினைவிருந்தால் அது கனவு இல்லை. 1961, 62-இல் ஜீன் டைச் என்பவர் பிராக் நகரில் எடுத்த 13 குறும்படங்கள் அப்படித்தான் இருக்கும்.

இங்கே எடுத்த விதத்தையும் கவனிக்கச் சொல்ல வேண்டும். தாளில் வரைந்ததா, பொம்மையை நகர்த்தி எடுத்ததா என்ற கேள்விக்குப் பலர் "கார்ட்டூன்தான்" என்று மட்டும் சொல்வார்கள். நிழலைக் கேளுங்கள். பொம்மைப் படத்தில் மேசை மேலும் சுவர் மேலும் உண்மையான நிழல் விழும். பொம்மையின் ரோமம் காற்றில்லாமலே துடித்துக்கொண்டிருக்கும், ஏனென்றால் ஒவ்வொரு படத்துக்கும் இடையில் கலைஞரின் விரல் அதைத் தொடுகிறது. கொலார்கோல் அப்படி எடுத்தது. வரைந்த படத்தில், முகம் அசையாமல் வாய் மட்டும் அசைவதும், நிலையான ஓவியத்தின் மேல் கேமரா மெல்ல நகர்வதும் ஜப்பானியத் தொலைக்காட்சித் தொடர்களின் வழக்கம். நொடிக்கு எட்டு ஓவியம் என்ற கணக்கில் சிக்கனம் செய்தார்கள். மிருகங்கள் எல்லாம் கழுத்தில் டையோ காலரோ கட்டியிருந்தால் அமெரிக்காவின் ஹானா பார்பெரா பக்கம் பாருங்கள். தலையையும் உடலையும் தனித்தனித் தாளில் வரைந்து, தலையை மட்டும் மாற்றிச் செலவைக் குறைக்கச் செய்த உத்தி அது. இணைப்புக் கோட்டைக் காலர் மறைத்துவிடும்.

ஒரு பாகம் எவ்வளவு நேரம் ஓடியது என்பதும் வேண்டும். ஐந்து நிமிடமா, 25 நிமிடமா? டின்டின் தொடரிலேயே பெல்விஷன் எடுத்த பழையது ஐந்து நிமிடத் துண்டுகளாக வந்தது, 1991-இல் தொடங்கியது அரைமணி நேர அளவு. பாகத்தின் முடிவில் ஓடும் எழுத்துகளில் ஆண்டு ரோமன் எண்ணில் இருந்து அதை யாராவது படம் எடுத்து வைத்திருந்தால், எம்.சி.எம்.எல் என்பது 1950. அதற்குப் பின் வரும் ஒவ்வொரு எக்ஸும் பத்து. ஒரு எக்ஸை விட்டுவிட்டால் பத்தாண்டு பிசகிவிடும்.

பாட்டு மட்டும் நினைவிருப்பவர்கள் ஏராளம். ஹம்மிங் செய்தால் கண்டுபிடித்துத் தரும் வசதி கூகுளில் 2020-இலிருந்து இருக்கிறது. பத்துப் பதினைந்து நொடி, வரிகள் இல்லாமல், "ன ன ன" என்று மட்டும் பாடினால் போதும். தவறாகக் கேட்ட பிரெஞ்சு வரியைப் பாடினால்தான் குழப்பம். ஜப்பானியப் பாட்டும் பிரெஞ்சுப் பாட்டும் பல தொடர்களில் வேறு வேறு. கோல்டோராக்குக்குப் பிரெஞ்சிலேயே ஒன்றுக்கு மேல் உண்டு. ஆகவே ஒரு பாட்டு பொருந்தவில்லை என்பதற்காகத் தொடரையே தள்ளிவிடக் கூடாது. பிரெஞ்சுப் பாட்டுகள் அந்தக் காலத்தில் 45 சுற்று இசைத்தட்டாக வந்தன. தட்டின் உறையில் ஓவியமும் ஆண்டும் இருக்கும், டிஸ்காக்ஸ் என்ற இணையத் தொகுப்பில் பார்க்கலாம். தொடரை இன்றைய புளூ-ரே தட்டில் கேட்கும்போது "குரல் கொஞ்சம் கனமாக இருக்கிறதே" என்று தோன்றினால் அதற்கும் காரணம் உண்டு. நொடிக்கு 24 சட்டமாக எடுத்த படம் சேகாம், பேல் ஒளிபரப்பில் 25 சட்டமாக ஓடும். நாலு விழுக்காடு வேகம் கூடும், சுருதி அரைச்சுரத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு ஏறும். குழந்தையாகக் கேட்டது அந்த ஏறிய சுருதி.

ஒரே மாலையில் அடுத்தடுத்து வந்த இரண்டு தொடர்கள் நினைவில் ஒட்டிக்கொள்வதும் உண்டு. ஆந்தென் 2-இன் ரெக்ரே ஆ 2 நிகழ்ச்சியும், 1987 முதல் 1997 வரை டி.எஃப்.1 அலைவரிசையில் ஓடிய கிளப் தோரோத்தேயும் பல தொடர்களைக் கோத்து வைத்தவை. பாதி விவரம் கச்சிதமாகப் பொருந்தி மறுபாதி கொஞ்சமும் பொருந்தாவிட்டால், பதிலைத் தூக்கி எறியாமல், கேள்வியை இரண்டாகப் பிரித்துத் தேடிப் பாருங்கள்.

வீட்டில் பழைய வி.எச்.எஸ். நாடா இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியது கொஞ்சம் கூடுதலாக உண்டு, ஏனென்றால் இழந்தால் திரும்பக் கிடைக்காதது அதுதான். கல்யாண நாடாவிலும் சினிமா நாடாவிலும் கடைசிப் பகுதியை ஓட்டிப் பாருங்கள். 180 நிமிட நாடாவில் 150 நிமிடப் படத்தைப் பதிந்திருந்தால், அதற்கு முன் அதில் பதிந்திருந்த பழைய நிகழ்ச்சியின் வால் அரை மணி நேரம் அழியாமல் இருக்கும். பெயர் தெரியாத கார்ட்டூன் துண்டுகள் கிடைப்பது பெரும்பாலும் அங்கேதான். ஓட்டுவதற்கு முன் நாடாப் பெட்டியின் முதுகில் இடது ஓரத்தில் உள்ள சின்னப் பிளாஸ்டிக் தாழை உடைத்துவிடுங்கள். அப்போதுதான் தவறிக்கூட மேலே பதிய முடியாது. பிறகு ஜன்னல் வழியே நாடாவின் சுருளை வெளிச்சத்தில் பாருங்கள். வெள்ளையாகத் தூள் பூத்திருந்தால் அது பூஞ்சணம்; கடலோர ஈரத்தில் சாதாரணம். அதை எந்தக் கருவியிலும் போடக் கூடாது. போட்டால் கருவியின் தலையில் பூஞ்சணம் ஒட்டி அடுத்த நாடாக்களையும் கெடுக்கும், இளகிய நாடா அறுந்தும் போகும். சுத்தம் செய்து தருபவரிடம் கொடுங்கள். வெள்ளை இல்லாவிட்டால் முதலில் ஒரு முறை கடைசி வரை வேகமாக முன்சுற்றி, முழுவதும் பின்சுற்றி, அதன் பிறகே இயக்குங்கள். பல்லாண்டு இறுகிக் கிடந்த சுற்றுகள் அப்போது ஒழுங்காகும். டிஜிட்டலாக்கக் கடைக்குப் போகும்போது "இது சேகாம்" என்று வாய் திறந்து சொல்லுங்கள். சேகாமிலும் வீட்டுக் கருவிகள் பதிந்த மெசேகாம் என்ற வகை உண்டு; சரியான வகையை அறியாத கருவியில் மாற்றினால் வண்ணம் நிரந்தரமாகப் போய்விட்ட கோப்புதான் கைக்கு வரும்.

நாடா இல்லாதவர்களுக்குப் பழைய நாளிதழ் இருக்கிறது. லெ மொரீசியன் 1908-இலிருந்தும் லெக்ஸ்பிரஸ் 1963-இலிருந்தும் வருகின்றன. தொலைக்காட்சி நிகழ்ச்சி நிரலை அவற்றில் பார்க்கலாம். போர்ட் லூயிஸ் தேசிய நூலகத்தில் கேட்டு எடுங்கள். ஆண்டு முழுவதையும் புரட்டாதீர்கள். இங்கே பள்ளி ஆண்டுக்கு மூன்று பருவம். ஒவ்வொரு பருவத்திலும் ஒரு முழு வாரம் எடுத்தால் ஆண்டுக்கு 21 நாள் நிரல், மூன்றாண்டுக்கு 63 நாள் நிரல். ஒரு முழு நாளுக்குள் பார்த்துவிடலாம். "தெசேன் அனிமே" (பிரெஞ்சில் கார்ட்டூன்) என்று பொதுவாக மட்டும் போட்டிருந்தால் அடுத்த வாரத்தின் அதே கிழமையைப் பாருங்கள். வாராந்தரத் தொடர் என்றால் ஏதாவதொரு வாரம் பெயர் விழுந்திருக்கும். கிடைத்த பெயரை நாளிதழில் உள்ள எழுத்துக் கூட்டலோடு, தேதியோடு, நேரத்தோடு எழுதிக்கொள்ளுங்கள்.

ஆசிரியருக்கு எங்கள் வேண்டுகோள் இதுதான். இனி இப்படிக் கேள்வி வரும்போது, அச்சிடும் முன் கேட்டவரிடம் சில விவரங்களை வாங்கிச் சேர்த்து வெளியிடுங்கள். எந்த ஊர், எந்த நிலையம், எந்தப் புயலுக்கு அல்லது விழாவுக்கு முன்னா பின்னா, எந்த மொழி, பேச்சு இருந்ததா, வரைந்ததா பொம்மையா, பாகம் எவ்வளவு நேரம், காதில் விழுந்த பெயர், விழுந்தபடியே. அதோடு நிச்சயமாகப் பார்த்தது எது, பிறர் சொல்லித் தெரிந்தது எது என்று தனித்தனியே. பதில் எழுதுகிறவர்களிடமும் ஒன்று கேளுங்கள்: பெயரை மட்டும் எழுதாமல், எந்த விவரத்தை வைத்து அந்தப் பெயருக்கு வந்தார்கள் என்று ஒரு வரி எழுதட்டும். அந்த வரி இருந்தால் அடுத்தவர் சரிபார்க்க முடியும்.

தாளை மடித்து வைத்த வாசகர் அதை அப்படியே தங்களுக்கு அனுப்பட்டும். மேலே நாங்கள் சொன்ன பெயர்களில் எதோடும் பொருந்தாவிட்டாலும் திருத்த வேண்டாம். "நாய் என்றுதான் நினைக்கிறேன், ஆனால் சத்தம் நாய் மாதிரி இல்லை" என்று எழுதியிருந்தால் அந்த இரண்டாம் பாதியை அடிக்காமல் விடுங்கள். தேடுகிறவர்களுக்கு அதுதான் வேண்டும்.

இப்படிக்கு,
பழைய தொலைக்காட்சித் தொடர்களைத் தேடித் தொகுக்கும் வாசகர்கள்,
ரோஸ் ஹில், மொரீசியஸ்